யாரை எக்ஸ் என்று வைப்பது?

அக்டோபர் 5, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள். நத்தத்தில் தையல் மிஷின் ஓயாத காலம் இது. அக்கா மகள் பி.காம். முடித்துவிட்டு ஒரு சட்டை யூனிட்டில் கணக்கு எழுதுகிறாள். கட்டிங் போனது, தைத்து வந்தது, காஜா பட்டனுக்குப் போனது என்று பகல் முழுக்க எண்ணிக்கைதான். நவம்பர் 30-ல் மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) தேர்வு எழுதப்போகிறாள். அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற சித்தி பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது கோச்சிங்குக்கு எதற்குப் பணம் என்பது அக்காவின் வாதம்.

சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் மளமளவென்று போடுகிறாள். அதையே நாலு வரி ஆங்கிலமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. (கேட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான்.) மொழிதான் தடையோ என்று பார்க்க, அவள் யூனிட்டையே வைத்துத் தமிழில் கேட்டேன்: "ஒவ்வொரு கட்டிங் மாஸ்டருக்கும் ஆறு டெய்லர். டெய்லர் எண்ணிக்கை டி, மாஸ்டர் எண்ணிக்கை எம். சமன்பாடு எழுது."

யோசிக்கவே இல்லை. 6டி = எம் என்று எழுதினாள்.

"ரெண்டு மாஸ்டர்னா எத்தன டெய்லர்?"

"பன்னெண்டு."

"அத உன் சமன்பாட்டுல போடு."

எழுபத்திரண்டும் இரண்டும் சமமாக வந்து நின்றன. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதில் அவள் தனி ஆள் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளமென்டும் கூட்டாளிகளும் இதே கணக்கைப் பேராசிரியர், மாணவர் என்று வைத்து முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறு, அதிலும் பெரும்பாலோர் இதே போலத் தலைகீழ். 1981-ல் கட்டுரையாகவே வந்தது. டி என்றால் டெய்லர் என்கிற ஆள் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. ஆள் இல்லை, எண்ணிக்கை. எழுதியதும் ஒரு நிஜ எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டால் பத்து விநாடியில் குட்டு உடைந்துவிடும். இந்த ஒரு பழக்கம் வந்தால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கரந்தமலைப் பக்கம் மழை. கரண்ட் போய்விட்டதால் படிப்பை அக்கா வீட்டு வாசலுக்கு மாற்றினோம். கணக்கு இது: 50 சட்டை. அரைக்கைக்குக் கூலி 30 ரூபாய், முழுக்கைக்கு 36. மொத்தக் கூலி 1,644. முழுக்கை எத்தனை? (கூலியெல்லாம் கணக்குக்காக நான் வைத்தது. ஊர் நிலவரத்தை இதில் தேட வேண்டாம்.)

அவள் எக்ஸ், ஒய் எழுதி, ஒன்றை முப்பதால் பெருக்கிக் கழிக்க ஆரம்பித்தாள். தைத்துக்கொண்டிருந்த அத்தான் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "எல்லாமே அரைக்கைன்னு வச்சுக்க. ஆயிரத்தி ஐநூறு. கூட வந்தது நூத்தி நாப்பத்தி நாலு. ஒரு முழுக்கைக்கு ஆறு ரூவா கூட. அப்ப இருபத்தி நாலு."

"அப்பா, இதுல எக்ஸ் எங்கப்பா?"

"அது எதுக்குத்தா எனக்கு?"

இதே வகைக் கணக்கு சீனாவின் சுன்சி சுவான்ஜிங் என்ற பழைய நூலில் இருக்கிறது. அங்கே ஒரே கூண்டில் கோழியும் முயலும், 35 தலை, 94 கால். அத்தான் வழியில் எல்லாம் கோழி என்று வைத்தால் 70 கால். மிச்சம் 24-ஐ இரண்டிரண்டாகப் பிரித்தால் முயல் 12.

கேட்டில் கணிதப் பகுதிக்கு 40 நிமிடம். போன வருடம் 22 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அத்தான் வழிதான் அங்கே செல்லும். ஆனால் அவள் ஃபோனில் சேர்த்து வைத்திருக்கும் 'ஷார்ட்கட்' பட்டியலை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகு. ஏன் ஆறு, ஏன் ஐந்து? சூத்திரம் சொல்லாது. சிறுமலைப் பழமொன்று ஒத்துவரலாம், அடுத்தது காலை வாரலாம். அத்தான் சொன்னதில் ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருக்கிறது. கூலி மாறினாலும் அது நிற்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

யூனிட்டில் தீபாவளி பட்டுவாடா முடிந்து அவளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. இன்று கொஞ்சம் வில்லங்கமான கணக்கு. முழுக்கை 300 ரூபாய், அரைக்கை 200, குழந்தைச் சட்டை 50. மூன்று வகையிலும் ஒன்றாவது எடுத்து, 2,000 ரூபாய்க்குச் சரியாக 20 உருப்படி வாங்க வேண்டும்.

"மூணு எக்ஸ் இருக்கு, ரெண்டு சமன்பாடுதான் சித்தி. கேள்வியே தப்பு."

அப்படித் தோன்ற வைப்பதுதான் கேள்வி எழுதுகிறவரின் வேலை. எழுதாமல் விட்ட மூன்றாவது நிபந்தனை ஒன்று இருக்கிறது. அரைச் சட்டை, கால் சட்டை என்று யாரும் வாங்க முடியாது. குழந்தைச் சட்டையை நீக்கினால் மிஞ்சுவது 5எக்ஸ் + 3ஒய் = 20. முழு எண்ணாக, பூஜ்யம் இல்லாமல் பொருந்துவது ஒரே ஜோடி: முழுக்கை 1, அரைக்கை 5. குழந்தைச் சட்டை 14.

ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் தம் கணிதசார சங்கிரகத்தில் இந்த வகையைப் பறவைகளாக வைத்திருக்கிறார். இளவரசன் விளையாட நூறு பணத்துக்கு நூறு பறவை: புறா, நாரை, அன்னம், மயில்.

ராமானுஜன் கதையும் இங்கேதான் வரும். 1914 டிசம்பர் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த வீட்டு எண் புதிரை (தன் வீட்டுக்கு இருபுறமும் உள்ள கதவு எண்களின் கூட்டுத்தொகை சமம்) நண்பர் மகலனோபிஸ் படித்துக் காட்ட, அடுப்பில் காய் கிளறிக்கொண்டே தொடர் பின்னமாக விடை சொன்னாராம். தெருவில் 288 வீடு, கதவு எண் 204. ஐம்பதுக்கு மேல், ஐநூறுக்குள் வீடுகள் என்ற வரம்பு இருந்ததால்தான் ஒரே விடை. அந்த வரம்பே இல்லாமல் எத்தனை விடை வருமோ அத்தனையையும் அவருடைய பின்னம் கொடுத்துவிட்டது. மேடையில் இதை மேதைமைக்குச் சொல்கிறார்கள். நான் இவளிடம் வரம்புக்குத்தான் சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மாதிரித் தேர்வு. ஒரு தொட்டி-குழாய்க் கணக்கில் ஆறு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். விடை சரி, மூன்று மதிப்பெண். அதற்குள் நேரம் தீர்ந்து, கடைசியில் இருந்த சுலபமான இரண்டை அவள் பார்க்கவே இல்லை. பள்ளியில் நாங்கள் பழக்குவது முழுத் தாளையும் எழுதத்தான். பாதியில் நிறுத்தினவனைத் திட்டுகிறோம். இந்தத் தேர்வு நேர் எதிர். தவறான தெரிவுக்கு ஒரு மதிப்பெண் போகும். விடையை நாமே தட்டச்ச வேண்டிய கேள்விகளில் மட்டும் கழிப்பது கிடையாது. எதை விடலாம் என்று முப்பது விநாடியில் முடிவெடுக்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை: முதல் சுற்றில் கேள்வியைப் படித்து, எதை எக்ஸ் என்று வைக்கலாம் என்பது உடனே தெரிந்தால் போடு, தெரியாவிட்டால் நகர்ந்துவிடு. இரண்டாம் சுற்றில் தட்டச்சுக் கேள்விகளுக்குத் திரும்பி வா. அவள் ஒப்புக்கொண்டாள், ஒரு திருத்தத்தோடு.

"தொட்டிக் கணக்க மொத்தமா விட்டுர்றேன் சித்தி. கூலிக் கணக்கு எந்த ரூபத்துல வந்தாலும் விடமாட்டேன்."

அதுவும் வேலை-நேரக் கணக்குத்தான், குழாய்க்குப் பதில் டெய்லரை வை என்றேன். அதே கணக்கை எடுத்து, ஓட்டைக் குழாயைத் தையல் பிரிக்கிற ஆளாக்கி, மறுபடி போட ஆரம்பித்தாள்.