இருபது மணிநேரக் கடலும் மூன்றரை நிமிடக் காணொளியும்



கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தாருடன் சிங்கப்பூரிலிருந்து பினாங்கிற்கு உல்லாசக் கப்பலில் சென்று வந்தேன். பயணக் கட்டுரை எழுதுவது என் நோக்கமன்று. கப்பலில் என்னென்ன உண்டோம், எத்தனை மாடி ஏறினோம் என்பவற்றை எழுதப் பலர் இருக்கின்றனர். அந்தப் பயணத்தை ஒரு காலச்சுருக்கக் காணொளியாக ஆக்கியதையும், அதனால் என் மாணவர்களும் நானும் கற்றுக்கொண்டதையும் ஆசிரியப் பெருமக்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காலச்சுருக்கக் காணொளி என்றால் என்ன?

‘டைம்லாப்ஸ்’ என்று பலரும் அழைப்பது இதைத்தான். வழக்கமான காணொளியில் ஒரு விநாடிக்கு 24, 25 அல்லது 30 படங்கள் பதிவாகின்றன. அதே வேகத்தில் திரையிலும் ஓடுகின்றன. காலச்சுருக்கத்தில் பதிவு மெதுவாக நடக்கும். ஓட்டம் மட்டும் வேகமாக இருக்கும். ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடுத்து, விநாடிக்கு முப்பது படங்களாக ஓட்டினால் 150 விநாடி நேரம் ஒரே விநாடியாகச் சுருங்கிவிடும்.

இது புதிய கலையுமன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஸ்மித் என்பவர் 1910ஆம் ஆண்டிலேயே மலர்கள் விரிவதை இம்முறையில் திரைப்படமாக்கிக் காட்டியிருக்கிறார். கடற்பயணத்தைப் பொறுத்தவரை, சரக்குக் கப்பலில் பணியாற்றிய ஜெஃப்ரி சாங் என்பவர் 2017இல் வெளியிட்ட காணொளி உலகப் புகழ் பெற்றது. செங்கடலிலிருந்து கொழும்பு, மலாக்கா நீரிணை, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் சென்ற முப்பது நாள் பயணத்தை, ஏறக்குறைய 80,000 படங்களைக் கொண்டு பத்து நிமிடங்களில் அவர் காட்டினார். அதைப் பார்த்த நாள் முதல் எனக்குள்ளும் அந்த ஆசை இருந்தது.

எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, என் ஆறாம் ஆண்டு வகுப்பு. மற்றொன்று, எண்பது வயதைக் கடந்த என் தாயார். உடல்நிலை காரணமாக அவரால் எங்களோடு வர இயலவில்லை. அவர் இந்த நாட்டுக்கு வந்ததே கப்பலில்தான். ஆகவே அவருக்கு ஒரு கப்பலைக் கொண்டுவந்து காட்ட எண்ணினேன்.

முதலில் கணக்கு

புறப்படும் முன்பே தாளில் கணக்குப் போட்டுக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூரில் புறப்பட்டு மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்குப் பினாங்கு. மொத்தம் இருபது மணிநேரம்; ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இருபது மணிநேரத்தையும் ஒரே அளவில் சுருக்கினால் சுவைக்காது. எது வேகமாக மாறுகிறதோ அதற்கு நெருக்கமான இடைவெளியும், எது மெதுவாக மாறுகிறதோ அதற்கு நீண்ட இடைவெளியும் வேண்டும். எனவே பயணத்தை நான்காகப் பிரித்தேன்.

1. துறைமுகத்தை விட்டு நீங்கும் முதல் ஒரு மணிநேரம்: 2 விநாடிக்கு ஒரு படம். மொத்தம் 1,800 படங்கள். திரையில் 60 விநாடி.

2. கதிரவன் மறையும் ஒன்றரை மணிநேரம்: 5 விநாடிக்கு ஒரு படம். 1,080 படங்கள், 36 விநாடி.

3. இரவு பதினொன்றரை மணிநேரம்: 30 விநாடிக்கு ஒரு படம். 1,380 படங்கள், 46 விநாடி.

4. விடிந்தபின் ஆறு மணிநேரம்: 10 விநாடிக்கு ஒரு படம். 2,160 படங்கள், 72 விநாடி.

ஆக 6,420 படங்கள், 214 விநாடி. அதாவது மூன்றரை நிமிடத்திற்குச் சற்றே கூடுதல். படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று கொண்டாலும் 25 கிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே வகுப்பில் கொடுத்தேன். ‘காலமும் நேரமும்’ என்றாலே முகம் சுளிக்கும் மாணவர்கள்கூடப் போட்டி போட்டுக்கொண்டு செய்தனர். விடை ஒரு காணொளியாக ஓடப்போகிறது என்பதை அறிந்ததே காரணம்.

கப்பலில் கவனிக்க வேண்டியவை

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

கருவியைத் தானியங்கி நிலையில் விடக்கூடாது. ஒளியளவு, வண்ணச் சமநிலை, குவியம் மூன்றையும் கையால் அமைத்துப் பூட்டிவிட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு மேகம் கடக்கும்போதும் படம் மின்னி மின்னிக் கண்ணை உறுத்தும். பொழுது சாயும் நேரத்தில் மட்டும் ஒளியளவைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்தால் வில்லை முழுவதும் ஆவி படியும். நம் வட்டாரக் காற்றின் ஈரப்பதம் அத்தகையது. அரைமணிநேரம் முன்பாகவே கருவியை வெளியில் வைத்துவிடுவது நலம்.

முக்காலியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். அதே வேளையில் கம்பிக்கு வெளியே எதையும் நீட்டவில்லை. பாதுகாப்பு முதலில், படம் பிறகு. பொதுத் தளத்தில் வைத்தபோது பணியாளரிடம் அனுமதி பெற்றேன். பிறருடைய பிள்ளைகள் முகம் பதியாத திசையில் திருப்பி வைத்தேன்.

இரவில் நீண்ட ஒளிப்பதிவு பயன்படாது. கப்பல் நகர்வதாலும் எந்திரத்தின் அதிர்வாலும் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். ஆகவே இரவில் விளக்குகளை மட்டுமே நம்பியிருந்தேன்.

கண் காணாதவற்றைக் கருவி கண்டது

முதல் ஒரு மணிநேரத்தை மேல்தளத்தின் பின்பகுதியிலிருந்து எடுத்தேன். நேரில் பார்த்தபோது கப்பல் நகர்கிறதா என்றே ஐயமாக இருந்தது. காணொளியிலோ சிங்கப்பூரின் வானுயர்ந்த கட்டடங்கள் ஒருமுறை சுழன்று, சிறுத்து, ஒரு கோடாகின்றன. மாணவன் ஒருவன், “ஐயா, கப்பல் திரும்புகிறதா, ஊர் திரும்புகிறதா?” என்று கேட்டான். கருவி கப்பலோடு கட்டப்பட்டிருப்பதால் அதற்குக் கப்பல் அசையாதது, உலகமே அசைவது. நாம் பூமியோடு கட்டப்பட்டிருப்பதால் கதிரவன் நகர்வதாகக் காண்கிறோம் அல்லவா? பகலிரவுப் பாடத்தை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அடுத்து, கடலில் சாலை இருப்பதை மாணவர்கள் கண்டனர். மலாக்கா நீரிணையில் 1981 முதல் கப்பல்களுக்குப் போக்குவரத்துப் பிரிப்பு முறை நடைமுறையில் உள்ளது. நெருக்கடி மிகுந்த பகுதிகளில் வடமேற்கு நோக்கிச் செல்லும் கப்பல்களுக்கு ஒரு தடம். தென்கிழக்கு நோக்கி வருபவற்றிற்கு மற்றொரு தடம். இரண்டும் தத்தம் வலப்புறமாகச் செல்லும். எங்கள் அறை கப்பலின் இடப்புறத்தில் இருந்ததால், எதிர்த்தடத்தில் வந்த கப்பல்கள் எல்லாம் கருவியின் முன்னால் அணிவகுத்துச் சென்றன. வெறுங்கண்ணுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தவை, காணொளியில் எறும்பு வரிசையாகத் தெரிந்தன.

இதிலும் ஒரு வேடிக்கை. காலைப் பகுதியில் எதிரே வந்த கப்பல்கள் கண்ணிமைப்பதற்குள் மறைகின்றன. எங்கள் திசையிலேயே சென்ற மெதுவான கப்பல்கள் திரையில் சில விநாடிகள் தங்குகின்றன. காரணம் எளிது. நாங்கள் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம். மற்றது 22 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால் இரண்டும் சேர்ந்து 57. உடன் சென்றால் வேறுபாடு வெறும் 13. சூத்திரம் எழுதாமலேயே மாணவர்கள் இதைப் புரிந்துகொண்டனர்.

விடியற்காலைக்கு முன் ஒரு பெருமழை வந்தது. நம் மீனவர்கள் ‘சுமத்ரா’ என்று சொல்லும் காற்றுமழை அது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், இரவிலும் அதிகாலையிலும் சுமத்ரா தீவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும். ஏறக்குறைய ஒரு மணிநேரம் எங்களை விழிக்கவைத்த அந்த மழை, காணொளியில் நான்கே விநாடி. கறுப்புத் திரை ஒன்று இழுத்து மூடித் திறந்தாற்போல் முடிந்துவிடுகிறது.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றபின், பட்டர்வொர்த்திற்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடும் பயணப் படகுகளையும் சிறிது நேரம் எடுத்தேன். 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகள் அவை. தறியில் ஓடும் நாடாவைப் போல் அவை இப்படியும் அப்படியும் ஓடுவதைக் கண்டு பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தனர்.

தாயார் சொன்னது

வீடு திரும்பிய வாரத்தில் தாயாரை அமரவைத்துக் காணொளியைக் காட்டினேன். அவர் 1951ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், தம் அன்னையோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், நம் முன்னோரில் பல்லாயிரவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பின்னர் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985இல் தீ விபத்து நேர்ந்தது; அத்தோடு நெடுங்காலமாக நடந்துவந்த அந்தக் கப்பல் சேவையும் முடிவுற்றது.

மூன்றரை நிமிடமும் கண்கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா நாங்க வந்தப்ப கடல் நகரவே இல்ல. காலையில பாத்தாலும் தண்ணி, ராத்திரி பாத்தாலும் தண்ணி. தகரப் பெட்டிய புடிச்சுக்கிட்டு, எப்ப கர தெரியும், எப்ப அப்பா மொகத்தப் பாப்போம்னு ஒக்காந்திருந்தோம். அந்த ஒக்காந்திருந்தது இதுல இல்லையே.”

அவர் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். காலச்சுருக்கம் எதைச் சுருக்குகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று. கடலையோ, கப்பலையோ, தொலைவையோ அது சுருக்கவில்லை, காத்திருப்பைச் சுருக்குகிறது. அவருடைய பயணத்தில் மிகப் பெரியதாக இருந்ததே அந்தக் காத்திருப்புத்தான்.

ஆகவே காணொளியில் ஒரு மாற்றம் செய்தேன். மறுநாள் காலை வெறும் கடலை மட்டும் வழக்கமான வேகத்தில் சிறிது பதிவு செய்திருந்தேன். கப்பலில்லை, கரையில்லை, பறவையுமில்லை. அதிலிருந்து இரண்டு நிமிடத்தை எடுத்து இரவுப் பகுதிக்குப் பின் சேர்த்தேன். தாயார் தம் பயணத்தைச் சொல்லும் குரலைப் பதிந்து அதன்மேல் இணைத்தேன்.

வகுப்பில் காட்டியபோது என்ன நடந்தது தெரியுமா? முதலில் ஆரவாரம். அந்த இரண்டு நிமிடம் வந்ததும் சிலர் நெளிந்தனர். ஒருவன், “ஐயா, நின்றுவிட்டதா?” என்றான். நிற்கவில்லை, உண்மையான கடல் இப்படித்தான் ஓடும் என்றேன். பிறகு பாட்டியின் குரலைக் கேட்கத் தொடங்கினர். அன்று அவர்கள் எழுதிய கட்டுரைகளில், கட்டடம் சுழன்றதைப் பற்றி எழுதியவர்களைவிடத் தகரப் பெட்டியைப் பற்றி எழுதியவர்களே மிகுதி. சிலர் வீட்டிற்குச் சென்று, தங்கள் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது என்று தாத்தா பாட்டியைக் கேட்டு வந்தனர்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

இன்றைய பிள்ளைகள் விநாடிக் கணக்கில் ஓடும் காணொளிகளில் வளர்கின்றனர். வேகம் அவர்களுக்குப் புதிதன்று, காத்திருப்புத்தான் புதிது. காலச்சுருக்கக் காணொளியைப் பார்க்கும்போது வேகம் கிட்டுகிறது. செய்யும்போது பொறுமை கிட்டுகிறது. மூன்றரை நிமிடத்திற்காக நான் இருபது மணிநேரம் காத்திருந்தேன். ஆகவே பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள்; அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

கப்பலேற வேண்டியதில்லை. ஈரப் பஞ்சில் பத்துப் பச்சைப்பயறு போதும். பழைய கைப்பேசி ஒன்றை அசையாதபடி நிறுத்தி, மின்னூட்டம் தடைப்படாமல் பார்த்துக்கொண்டு, இரவும் பகலும் ஒரே விளக்கொளி விழச் செய்யுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒரு படம். மூன்று நாளில் 432 படங்கள். திரையில் ஏறத்தாழ பதினான்கு விநாடி. பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். காலை, மாலை இருவேளையும் பயறு எப்படி இருக்கிறது என்று பிள்ளை தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். “ஒன்றும் மாறவில்லை” என்று எழுதினாலும் சரியே. அந்த வரியை எழுதியவனுக்குத்தான் பதினான்கு விநாடியின் அருமை தெரியும்.

எங்கள் வகுப்பில் ஐந்து குழுக்கள் இப்பணியைத் தொடங்கியிருக்கின்றன. நீங்களும் வீட்டில் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.