கமிஷனர் போகாத பாகப்பிரிவினை

என் சீனியருக்குச் சோறு போட்டவை பாகப்பிரிவினை வழக்குகள். தம்புச் செட்டித் தெருவில் அவர் அறை. 2000 ஜூனில் ஒருநாள், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த காகிதக் கட்டை அவர் மேசையில் வைத்தேன். அமெரிக்க அரசுத் தரப்பு தொடுத்த ஏகபோக வழக்கில், வாஷிங்டனில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் மைக்ரோசாஃப்ட்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார். விண்டோஸ் ஒரு கம்பெனிக்கு. ஆபீஸ் முதலான மென்பொருள்கள் இன்னொன்றுக்கு.

“ரெண்டும் வேற வேற தொழிலாப்பா?”

“சட்டப்படி வேறதான் சார்.”

விலை ஏறினால் வாங்குபவர் எதற்கு மாறுவார் என்று பார்த்துத்தான் சந்தைக்கு எல்லை போடுவார்கள். விண்டோஸ் விலை ஏறிவிட்டதென்று அதற்குப் பதில் வேர்டை வாங்க முடியாது. இன்டெல் வகைக் கணினிகளின் இயங்குதளம் தனிச் சந்தை, அதில் மைக்ரோசாஃப்ட்டின் பங்கு 95 சதவீதத்துக்கு மேல் என்று ஜாக்சன் 1999 நவம்பரிலேயே எழுதியிருந்தார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்த பத்தி வேறு. விண்டோஸில் ஓடிய மென்பொருள்கள் 70,000-க்கு மேல். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 வார்ப்பில் சுமார் 2,500. ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் மென்பொருள் வரும், மென்பொருள் இருக்கும் இடத்துக்குத்தான் ஆள் வரும். ஆக, ஒரு தொழிலுக்கு வேலியாக நின்றது இன்னொரு தொழில். நெட்ஸ்கேப் பிரவுசர் மீது மைக்ரோசாஃப்ட் பாய்ந்ததும் இதனால்தான்: பிரவுசரை நம்பியே மென்பொருள் எழுத ஆரம்பித்துவிட்டால் அடியில் எந்த இயங்குதளம் இருந்தால் என்ன?

“பிரவுசர் யார் பாகம்?”

“மென்பொருள் கம்பெனிக்கு சார்.”

“அது நடுச்சுவராச்சே. யார் போய் அளந்தா?”

நம் கோர்ட்டுகளில் பிரிலிமினரி டிக்ரி ஆனபின் அட்வகேட் கமிஷனர் டேப்போடு போவார், பிளான் போடுவார், ஆட்சேபணை கேட்பார்கள். அப்புறம்தான் சுவர் எழும்பும். ஜாக்சன் பரிகாரத்துக்கென்று தனிச் சாட்சி விசாரணையே வைக்கவில்லை. அதைச் சொன்னதும் சீனியர் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். “அப்பீல்ல நிக்காது.”

நிற்கவில்லை. 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிபதிகள் ஏழு பேரும் ஒருமனதாகப் பிரிவினையை ரத்து செய்தார்கள். விசாரணை வைக்காததும் ஒரு காரணம். (வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ஜாக்சன் நிருபர்களிடம் ரகசியமாகப் பேசியது இன்னொன்று. அந்தக் கூத்தைத் தனியாக எழுத வேண்டும்.) ஏகபோகத்தைக் காக்கச் சட்டம் மீறியது மட்டும் பெரும்பாலும் உறுதியானது.

அந்தத் தீர்ப்பையும் கொண்டுபோனேன். ஏதோ ஒரு வீட்டு பிளானிலிருந்து தலை தூக்காமலே கேட்டார்: “பிரவுசர்?”

“விண்டோஸோட அதைக் கட்டினது தப்பான்னு கீழ்க்கோர்ட்டையே மறுபடி பார்க்கச் சொல்லிட்டாங்க சார்.”

செப்டம்பரில் அரசுத் தரப்பே அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டது.