யான் கண்ட நெய்தல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் யான் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். கடலினின்றும் நெடுந்தொலைவில் அமைந்த சிற்றூர் அது. நெய்தல் திணையைக் கற்பிக்கும்பொழுதெல்லாம் புன்னை, ஞாழல், தாழை, அடும்பு என்று பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குவேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அடும்பு எப்படி இருக்கும்?” என்று வினவினான். “அஃது ஒருவகைக் கொடி” என்றேன். “எப்படிப்பட்ட கொடி, ஐயா?” என்றான் மீண்டும். “உட்கார்!” என்று அதட்டினேன். உரையாசிரியர் எழுதியதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல நாணினேன்.

ஓய்வு பெற்றபின், சென்னைப் பெசன்ட் நகரிலுள்ள என் மகன் இல்லத்திற்கு வந்து சேர்ந்தேன். அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய அப்பகுதியில் செல்வர் பலர் வாழ்கின்றனர். மாலையில் கடற்கரைச் சாலையெங்கும் கார்களும் தின்பண்டக் கடைகளும் நெருங்கி நிற்கும். கடலைப் பார்ப்போரினும் கடையைப் பார்ப்போரே மிகுதி. ஆதலின் யான் விடியற்காலையில் உலவுவதையே வழக்கமாகக் கொண்டேன்.

அடுத்துள்ள அடையாற்றில், பிரம்மஞான சபையின் தோட்டத்தில், முதிய ஆலமரம் ஒன்று உண்டு. அச்சபை 1882-இல் அவ்விடத்தை வாங்குவதற்கு முன்பே அது முதுமரமாக விளங்கிற்று. 1989-இல் வீசிய சூறைக்காற்றில் அடிமரம் சாய்ந்துவிட்டது. விழுதுகளே இன்று மரமாகி நிழல் பரப்புகின்றன.

பங்குனித் திங்களில் ஒருநாள், என் பெயர்த்தியின் கையைப் பற்றிக்கொண்டு கடற்கரை மணலில் நடந்தேன். வளைந்த வாயிலையுடைய வெண்சுவர் ஒன்று கடலருகே தனித்து நிற்கின்றது. “இது யாருடைய வீடு, தாத்தா?” என்றாள் அவள். வீடன்று, நினைவுச் சின்னம். டென்மார்க்கு நாட்டவராகிய ஷ்மிட் என்பவர், 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கடலில் தத்தளித்தோரைக் காக்கும் முயற்சியில் அங்கே தம் உயிரை நீத்தார். நடுகற்களைப் பற்றி எத்தனையோ முறை பாடம் சொல்லியிருக்கின்றேன். அயல்நாட்டார் ஒருவர்க்குத் தமிழ்க் கரையில் எழுந்த நடுகல்லை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.

அங்கிருந்து வடக்கே சென்றால் மீனவர் வாழும் ஊரூர்க் குப்பம். படகின் நிழலில் அமர்ந்து வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர், “பார்த்து நடங்கள், ஐயா. கொடியை மிதித்துவிடாதீர்கள். மணலைக் காற்று கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான்” என்றார்.

குனிந்து நோக்கினேன். மணல்மேட்டின்மீது பசுங்கொடி படர்ந்திருந்தது. தடித்த இலை நுனியில் இரண்டாகப் பிளந்து மானின் குளம்புபோல் இருந்தது. செந்நீலப் பூக்கள் அப்பொழுதுதான் மலர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணி. “இதன் பெயர் என்ன?” என்றேன். “அடப்பங்கொடி” என்றார் அவர். என் கால்கள் அசையவில்லை. மான்குளம்பையும் குதிரையின் கழுத்து மணியையும் உவமையாகச் சொன்ன பண்டைப் புலவர் இதனைக் கண்டே பாடியிருக்கின்றனர். யானோ காணாமலே கற்பித்தேன். ‘உட்கார்’ என்றபோது அம்மாணவன் முகம் வாடியது நினைவிற்கு வந்தது.

முதியவர் மேலும் சொன்னார்: பங்குனி ஆமைகள் இரவில் இம்மணலில் ஏறி முட்டையிடும்; மாணாக்கர் சிலர் 1988 முதல் இரவெல்லாம் கரையோரம் நடந்து, அம்முட்டைகளை எடுத்துக் காத்து, குஞ்சு பொரித்தபின் கடலில் விடுகின்றனர். வகுப்பில் ஐயம் கேட்டவனை அமர்த்திய யான், தூக்கத்தை விட்டு மணலில் நடக்கும் அம்மாணாக்கரை மனத்தால் வணங்கினேன்.

அதற்குள் என் பெயர்த்தி, தொலைவில் அடையாற்றின் முகத்துவாரத்தைச் சுட்டினாள். பாலம் ஒன்று நடுவே முறிந்து நின்றது. “தாத்தா, அந்தப் பாலம் ஏன் பாதியில் நிற்கிறது?”

“எனக்குத் தெரியாது, அம்மா. வா, அவரையே கேட்போம்” என்றேன்.

“1967-இல் கட்டினார்கள், குழந்தாய். 1977-இல் ஆற்றுநீர் அடித்துக்கொண்டு போய்விட்டது” என்று, வலையினின்றும் கண்ணெடுக்காமலே விடையளித்தார் அவர்.