பொறி வருகிறதா என்று முதலில் பாருங்கள்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆண் வேலை, பெண் வேலை என்று சமூகம் தொழிலைப் பிரித்து வைத்திருப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தப் பிரிவினால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு காசு நட்டமாகிறது என்பதை, சமூகப் பணியாளராக முல்லைத்தீவுக் கரைக்கு வந்த பிறகுதான் கண்ணால் கண்டேன்.

2009 இல் யுத்தம் முடிந்து சனம் மீளக் குடியேறியபோது பல குடும்பங்களுக்குப் படகும் வெளியிணைப்பு எஞ்சினும் உதவியாகக் கிடைத்தன. கணவனை இழந்த பெண்கள் சிலரும் படகுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். தம்பியோ மச்சானோ தொழிலுக்குக் கொண்டு போவார். படகுக்கும் எஞ்சினுக்கும் உரிய பங்கு வீட்டுக்கு வரும். அந்த எஞ்சின்களுக்கு இன்று பத்து வயதுக்கு மேல். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது அந்தப் பங்கும் சுருங்கியது. இந்த நிலையில் எஞ்சின் கிளம்பாவிட்டால் அடுப்பும் எரியாது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் எஞ்சின் இரண்டு கிழமையாகக் கிளம்பவில்லை. "உள்ளுக்கு இருக்கிற பெட்டி போயிட்டுது, புதுசுதான் போடவேணும்" என்று ஒருவர் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார். அக்கா சங்கிலியை அடைவு வைக்க ஆயத்தமாகிவிட்டார். அயலில் எஞ்சின் வேலையிலேயே தலை நரைத்த ஐயா ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "பிள்ளை, பிளக்கிலை பொறி வருதோ எண்டு ஆராவது பாத்தவையே?" ஒருவரும் பார்க்கவில்லை.

"டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட சனத்துக்கு இது விளங்காதே?" என்று சிரித்துக்கொண்டு அவர் விளக்கினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றிச் செய்தி கேட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினும் அதே மாதிரித்தான். மேலே சுழலும் சக்கரத்தில் காந்தம் இருக்கிறது. அதன் கீழே இருக்கும் கொயிலில் மின்சாரம் பிறக்கிறது. சிடிஐ என்ற பெட்டி அதைச் சேர்த்து வைத்து, உரிய நேரத்தில் இன்னொரு கொயிலுக்கு விடுகிறது. அந்தக் கொயில் அதைப் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் நுனியில் பாய்கிற பொறிதான் எண்ணெயைப் பற்றவைக்கிறது. இந்த வழியில் எந்த இடம் அறுந்தாலும் எஞ்சின் கிளம்பாது. ஆகவே மலிவான இடத்திலிருந்து தொடங்கி, விலை கூடிய இடத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் நிறுத்தும் சுவிற்சைப் பாருங்கள். கயிறு கட்டிய பாதுகாப்புக் கிளிப் உள்ள எஞ்சின் என்றால், அது கழன்றிருந்தாலே பொறி வராது. பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் பிளக் கெதியாகக் கரி பிடிக்கும். துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் அதே இலக்கப் புதுப் பிளக் ஒன்றைப் போடுங்கள்.

அடுத்தது பொறிச் சோதனை. எண்ணெய்க் குழாயைக் கழற்றி, சிந்திய பெற்றோலைத் துடைத்து, கியரை நடுவில் விடுங்கள். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக் துவாரத்துக்குத் தள்ளி, அதன் இரும்புப் பகுதியை எஞ்சினின் வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். இறப்பர் பிடி போட்ட காய்ந்த குறட்டால்தான் பிடிக்க வேண்டும், வெறுங்கை கூடாது. இரண்டு பிளக்கையும் கழற்றியிருந்தால் இரண்டையும் அப்படியே உலோகத்தில் படவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி பழுதாகலாம். நிழலில் வைத்து இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் மின்சாரத்தில் பெரிய குறையில்லை. எண்ணெய்ப் பக்கம் பாருங்கள். மஞ்சளாக மங்கி வந்தாலோ வராவிட்டாலோ மேலே தேடுங்கள்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். குறை பிளக்கோடு சேர்ந்து மற்றப் பக்கம் போனால் பிளக்தான் பழுது. இரண்டிலும் இல்லையென்றால் நிறுத்தும் சுவிற்சுக்குப் போகும் வயரைச் சோதனைக்காக மட்டும் கழற்றிப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் குறை சுவிற்சில் அல்லது அந்த வயரில். கண்டுபிடித்ததும் திருத்தி மாட்டிவிடுங்கள். கடலில் ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான். உடலோடு சேரும் எர்த் வயரையும், பச்சை பிடித்த இணைப்புகளையும் சுரண்டித் துப்புரவாக்குங்கள்.

இவ்வளவும் சரியென்றால்தான் கொயிலையும் பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும். குளிரில் கிளம்பி, அரை மணித்தியாலம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் திரும்பக் கிளம்பினால் கொயிலோ பெட்டியோ பழுதாக இருக்கலாம். மீற்றரால் கொயிலை அளந்து கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசைச் செலவழியுங்கள்.

அக்காவின் எஞ்சினில் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சுவிற்ச் வயரின் தோல் தேய்ந்து உலோகத்தில் முட்டியிருந்தது. ஒரு சாண் வயரோடு வேலை முடிந்தது. சங்கிலி அடைவுக்குப் போகவில்லை. இப்போது எஞ்சின் நின்றால் தம்பியார் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்.

எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருத்துபவரிடம் "பொறி பார்த்தீர்களா, சுவிற்ச் வயரைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்கத் தெரிந்தாலே போதும். மாற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள். திகதியையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து உப்பைத் துடைத்துக் காயவிடுங்கள். வாடைக்காலத்தில் எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது இணைப்புகளைப் பாருங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு உங்கள் ஊர் மெக்கானிக் ஐயாவை அழைத்து, எஞ்சினை நடுவில் வைத்துக் கேளுங்கள். படகு உங்கள் பெயரில் இருக்கிறது. அதைப் பற்றிய அறிவும் உங்கள் கையில் இருக்கட்டும்.