அந்தக் குமிழை யார் திருகுவா?

டேட்டாபேஸ் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு எண் 64-ஆக இருக்க வேண்டுமா 256-ஆகவா என்று வாக்குவாதம் முற்றினால், யாராவது ஒருவர் "ஆப்ஷனா விட்ருவோமே" என்பார். மீட்டிங் முடிந்துவிடும். முடிவு மட்டும் எடுக்கப்பட்டிருக்காது.

பாவூர்சத்திரத்தில் வீட்டிலிருந்தபடி போஸ்ட்கிரெஸ்ஸின் மேல் வேலை பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பதும் அப்படி வந்த ஒரு ஆப்ஷன்தான். சர்வரை நிறுத்தாமலே மாற்ற முடிய வேண்டுமாம். கோட் எழுதுவது அரை நாள் வேலை: பெயர், டிஃபால்ட், குறைந்தபட்சம், அதிகபட்சம். அதை எப்போது மாற்றலாம் என்பதில்தான் மண்டை காய்கிறது. ஷேர்டு பஃபர்ஸ் மாதிரியானவை சர்வர் எழும்பும்போதே மெமரியைப் பிடித்துக்கொள்வதால் ரீஸ்டார்ட் தவிர வழியில்லை. மற்ற பலவற்றுக்கு ஃபைலைத் திருத்தி ரீலோட் செய்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் குவெரி பழைய மதிப்போடு முடியும், அடுத்தது புதியதை எடுத்துக்கொள்ளும்.

சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். "சரிதானடே, ஒருத்தன் மூட்டைய தராசுல வச்சிருக்கும்போது படிக்கல்ல மாத்துனா வெட்டுக்குத்துல்லா ஆயிரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, அந்தக் குமிழ யாரு திருகுவா?"

அதுதான் விஷயம். தென்காசியில் எனக்குத் தெரிந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பில்லிங் மெஷினுக்கு 16 ஜிபி ராம். ஷேர்டு பஃபர்ஸ் இன்னும் டிஃபால்ட்டான 128 எம்பியில் கிடக்கிறது. கான்ஃபிக் ஃபைலை அங்கே யாரும் திறந்ததே இல்லை. ஏன் திறக்க வேண்டும்? அவர்கள் வேலை ரத்தம் எடுப்பது.

சொல்லப்போனால் போஸ்ட்கிரெஸ்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம், ஒரு ஆப்ஷனைத் தூக்கியதுதான். 8.3 வரை, டேபிள்களில் காலியாக உள்ள இடத்தில் எத்தனை பக்கங்களை நினைவில் வைக்க வேண்டும் என்று 'மேக்ஸ் எஃப்எஸ்எம் பேஜஸ்' மூலம் நாம்தான் சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னால் காலியிடம் மறந்துபோய் டேபிள் ஊதிக்கொண்டே போகும். 2009-இல் வந்த 8.4, அந்தக் கணக்கை டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டது. கேள்வியே இல்லாமல் போயிற்று.

எதிர்த்திசையிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. எஸ்க்யூஎல்லில் இருந்தே செட்டிங்கை நிரந்தரமாக மாற்றும் 'ஆல்டர் சிஸ்டம்' 2014-இல் 9.4-இல் வந்தது. எழுதியவர் அமித் கபிலா. சர்வர் மெஷினுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. கான்ஃபிக்கை வெளியிலிருந்து வேறு கருவிகள் நிர்வகிக்கும் இடங்களிலோ அது தொல்லையானது. அதனால் 2024-இல், 17-ஆம் பதிப்பில், அந்தக் கட்டளையையே அணைத்துவைக்க ஒரு ஆப்ஷன் சேர்த்தார்கள். குமிழுக்கு ஒரு குமிழ்!

என் பேட்சில் ஆப்ஷனை செஷன் அளவில் மட்டும் மாற்றும்படி வைத்து, லேப்காரர் தொடவே தேவையில்லாத டிஃபால்ட்டைத் தேடி இரண்டு வாரம் டெஸ்ட் ஓட்டி அனுப்பினேன். நேற்று ரிவ்யூவில் ஒரே ஒரு வரி வந்திருக்கிறது: "டிஃபால்ட்டையும் கஸ்டமரே முடிவு பண்ணட்டுமே?"

பதில் இன்னும் எழுதவில்லை. டெஸ்ட் ரிசல்ட்டுகளை ஒரு டேபிளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.