குடத்துக்குள் யார் பெயர்?

சின்னமனூர் பக்கம் ஒரு காலனியில் ஞாயிறு மாலைகளில் மாணவர்களோடு கூடிப் பேசுகிறோம். சென்ற முறை '12 ஆங்ரி மென்' என்ற பழைய அமெரிக்கப் படத்தைப் போட்டோம். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி. பதினொரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஒரே ஒருவர் சந்தேகப்பட்டு, கடைசியில் எல்லோரையும் மாற்றிவிடுகிறார். "நமக்கும் ஜூரி இருந்திருந்தா வெண்மணிக்கு நியாயம் கிடைச்சிருக்கும்" என்றார் சட்டம் படிக்கும் தம்பி ஒருவர்.

வாசற்படியில் உட்கார்ந்து படம் பார்த்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பன்னெண்டு பேருல நம்ம தெரு ஆளு எத்தன பேரு?"

அவர் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு, ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர். ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி. அவர் கேள்விக்கு அன்று எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

தம்பியின் கோபம் நியாயமானது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பெரும் நிலம் வைத்திருப்பவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. நீதிபதிகள் செய்தது அது. ஆனால் ஜூரி இருந்தால் மாறியிருக்குமா?

ஜூரி நம் நாட்டிலும் இருந்ததுதான். 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, அரசு அறிவித்த மாவட்டங்களில் ஜூரி. மற்ற இடங்களில் செஷன்ஸ் நீதிபதிக்கு உதவியாக அசெசர்கள். 21 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களின் பட்டியலிலிருந்து ஜூரர்களைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தகுதியானவர்' யார் என்று முடிவுசெய்து அந்தப் பட்டியலை எழுதியவர்கள் செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும். விசாரிக்கப்படுபவர் ஐரோப்பியரா இந்தியரா என்று பார்த்து ஜூரியை அமைக்க அதே சட்டத்தில் வழி இருந்தது. நிறம் தீர்ப்பைப் பாதிக்கும் என்று வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருந்தது. சாதியும் பாதிக்கும் என்று அந்தச் சட்டம் யோசிக்கவே இல்லை.

1959இல் பம்பாயில் நானாவதி வழக்கில் ஜூரி 8க்கு 1 என்று விடுதலை சொன்னதால்தான் ஜூரி முறை ஒழிந்தது என்பார்கள். அதற்கு முன்பே, 1958இல், சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கை அதை ஒழிக்கப் பரிந்துரைத்திருந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

குலுக்கல் என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த உத்திரமேரூர் குடவோலை நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டிலேயே ஜனநாயகம் என்று பெருமையாகப் படித்தோம். குடத்துக்குள் ஓலை போட, கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். குலுக்குவதில் ஒரு தவறும் இல்லை. நம் பாட்டன் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றார்கள். வாக்காளர் பட்டியலில் கறுப்பர்களைச் சேரவிடாததால் ஜூரி பட்டியலிலும் அவர்கள் இல்லை. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் கொலையாளிகளை விடுவித்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. ஊர்க்கூட்டம் என்ற ஜூரியை நாம் பார்த்திருக்கிறோம். நம்மைப் பற்றிய தீர்ப்பைக் கைகட்டி ஓரமாக நின்று கேட்டவர்கள் நம் பெரியவர்கள்.

ஆகவே, தோழர்களே, ஜூரியா நீதிபதியா என்பதைவிடப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்று கேட்போம். இன்றும் அப்படிச் சில பட்டியல்கள் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 4ஆவது விதிப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தும்படி கலெக்டரிடம் கேட்கலாம். கோகுல்ராஜ் வழக்கில் தாய் போராடினார். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது, ப.பா. மோகன் அரசுத் தரப்பில் வாதாடினார். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 17ஆவது விதிப்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் நம் மக்களிலிருந்து அரசு சாராத உறுப்பினர்களும் உண்டு. அவர்கள் யார் என்று அன்று கேட்டோம். அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 11ஆவது விதிப்படி சாட்சிக்குப் பயணப்படியும், விவசாயக் கூலியின் குறைந்தபட்ச அளவுக்குக் குறையாத தினப்படியும் தர வேண்டும். அந்த அக்கா ஆறு வாய்தாவுக்குக் கூலியை இழந்து கோர்ட்டுக்குப் போய்வந்திருக்கிறார். இப்படி ஒரு விதி இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அது எங்கள் தவறு.

அன்றிரவே அவருக்கு மனு எழுதினோம். எழுதியது அந்தச் சட்டத் தம்பிதான். அடுத்த ஞாயிறு படம் கிடையாது. கண்காணிப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்களைக் கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதப் போகிறோம். பேனாவோடு வாருங்கள்.