ஓசி டிக்கெட்டும் ரெண்டு காலி சீட்டும்

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி ஹாக்கி மேட்ச் பார்த்தவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க பாஸ்! டி.வி.யில பார்த்தது, காலேஜ் காம்பவுண்டு சுவர்ல உட்கார்ந்து பார்த்தது எல்லாம் கணக்குல வராது. ம்ஹூம்... ஒரு கையையும் காணோமே!

எனக்கு ஊர் சுவாமிமலை. படிக்கிறது கும்பகோணத்துல. காலேஜ் டீம்ல லெஃப்ட் ஹாஃப். எங்க மேட்சுக்கு வர்ற ஆடியன்ஸ் யார் தெரியுமா? பி.டி. சார், தண்ணி கொண்டு வர்ற அண்ணன், புல் மேய வந்த ரெண்டு ஆடு. அதுல ஆடுங்கதான் கடைசி வரைக்கும் இருக்கும்!

2023 ஆகஸ்ட்ல சென்னையில ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்துச்சு. 2007 ஆசியக் கோப்பைக்கு அப்புறம், 16 வருஷம் கழிச்சு எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்கு வந்த பெரிய சர்வதேசப் போட்டி. ஃபைனலுக்கு நாங்க நாலு பேர் காசு போட்டு டிக்கெட் எடுத்தோம். அப்ப ஃபர்ஸ்ட் இயர். ஒருத்தனுக்கு முந்தின நாள் காய்ச்சல். "டிக்கெட்டுக்குக் காசு கட்டியாச்சுடா"ன்னு மாத்திரையை முழுங்கிட்டு உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டான். பாதி ஆட்டத்துல மலேசியா 3, நம்ம ஆளுங்க 1. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மூணாவது குவார்ட்டர் முடியற நேரத்துல ஹர்மன்பிரீத் ஒண்ணு, குர்ஜந்த் ஒண்ணு. 56-வது நிமிஷம் ஆகாஷ்தீப்! 4-3. காய்ச்சல்காரன் சட்டையைக் கழட்டி சுத்திக்கிட்டு இருந்தான்.

இப்ப ரெண்டாவது ரீல். 2025 டிசம்பர் 10. அதே ஸ்டேடியம், ஜூனியர் உலகக் கோப்பை, வெண்கலத்துக்கான மேட்ச். இந்த முறை டிக்கெட் இலவசம், ஆன்லைன்ல பதிவு பண்ணினா போதும். அதே நாலு பேரும் பதிவு பண்ணினோம். வந்தது ரெண்டு பேர். புதன்கிழமை, கிளாஸ் இருந்தது வாஸ்தவம்தான். ஆனா ஒருத்தன் போன்ல சொன்னது வேற: "ஓசி டிக்கெட்தானேடா, போனாப் போகுது!" பையை வெச்சுப் பிடிச்ச ரெண்டு சீட்டும் கடைசி வரை காலி. அர்ஜென்டினா 2-0. 49-வது நிமிஷம் வரைக்கும் நம்ம பக்கம் ஒரு கோல்கூட இல்ல. அதுக்கப்புறம் பத்து நிமிஷத்துக்குள்ள நாலு கோல்! 4-2. பக்கத்துல கட்டிப்பிடிக்க ஆள் இல்லாம நான் என் பையைக் கட்டிப்பிடிச்சேன் (சிரிக்காதீங்க).

இது ஏதோ எங்க கேங் கதை மட்டும் இல்ல. காசு வாங்கி ஆடுற லீக் கதையும் இப்படித்தான் போகுது. 2005-ல பிரீமியர் ஹாக்கி லீக் வந்துச்சு. நம்ம சார்பா சென்னை வீரன்ஸ். 2008-ஓட மூடிட்டாங்க. 2012-ல வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி, அதுல சென்னை சீட்டாஸ். ஒரே சீசன்தான்! 2013-ல ஹாக்கி இந்தியா லீக். 2017-ல அதுவும் நின்னு, 2024 டிசம்பர்ல மறுபடி வந்தப்ப ரூர்கேலா, ராஞ்சி ரெண்டு ஊர்லயும் அனுமதி இலவசம். இந்த முறை தமிழ்நாடு டிராகன்ஸ்னு நமக்கும் ஒரு டீம்.

இலவசம் தப்புன்னு சொல்ல வரல. ரூர்கேலா பக்கம் கிராமத்துல மூங்கில் குச்சியை வெச்சு ஹாக்கி ஆடுற பசங்க இருக்காங்க. அவங்ககிட்ட போய் காசு கேட்டா அது பாவம். ஆனா கேட் வசூலே இல்லாத லீக், ஸ்பான்சர் முகத்தை மட்டுமே பார்த்து ஓட வேண்டியிருக்கு. அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா? கனடாவுல ஐஸ் ஹாக்கி டீம்களுக்கு டிக்கெட் காசுதான் பெரிய வருமானம். டொரண்டோவுல இருக்கிற எங்க அத்தை பையன், விலையைக் கேட்டுட்டு இதுவரைக்கும் டி.வி.யிலதான் பார்க்கிறான். அந்த அளவுக்கு வேண்டாம்ப்பா! இருபது, முப்பது ரூபா... ஒரு டீ, ஒரு பஜ்ஜி விலை. ஸ்கூல் பசங்களுக்கு ஃப்ரீ. இது என் கட்சி.

எங்கப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவருக்கு சிலை வார்க்கிற பட்டறையில வேலை. மெழுகுல உருவம் பிடிச்சு, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உருக்கின பஞ்சலோகத்தை ஊத்துற வேலை. ஊத்துற அன்னைக்கு டூரிஸ்ட் கூட்டம் நிக்கும், போட்டோ எடுக்கும், போயிடும். "வேடிக்கை பார்க்க வர்றவனையும் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வெலை என்னன்னு கேக்குறவன் மூஞ்சியைத்தான் நிமிர்ந்து பாப்பேன்"னார்.

அப்பதான் ஐடியா! இந்த வருஷம் எங்க காலேஜ் கிரவுண்டுல நடந்த ஃபைனலுக்கு பத்து ரூபா டிக்கெட் அடிச்சோம். ஜெராக்ஸ் கடையில கலர் பேப்பர், நடுவுல சீல். கிளாஸ் கிளாஸா போய் வித்தோம். "ஹாக்கிக்கா? டிக்கெட்டா?"ன்னு கேட்டு சிரிச்சவங்கதான் ஜாஸ்தி. 63 டிக்கெட் போச்சு. மேட்ச் அன்னைக்கு எண்ணினேன், 58 பேர் வந்திருந்தாங்க. 3-1ல தோத்துட்டோம். ஒருத்தரும் நடுவுல எழுந்து போகல. ரெண்டாவது கோலை என் பக்கத்துலயே விட்டேன். 58 பேர் 'ச்சே'ங்கிற சத்தம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் கேட்டேன் பாஸ்!

அப்பா ரெண்டு டிக்கெட் வாங்கியிருந்தார். இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டேன். பட்டறைல கூட வேலை பார்க்கிறவருக்காம். "அவன்கிட்ட பத்து ரூபாயை முன்னாடியே வாங்கிட்டேன், அதான் வந்தான்"னார்.